வெளிச்சவீட்டுப் படத்தில் நான் சுருக்கிய வரி

அந்தப் படத்தின் முடிவுக்குச் சற்று முன்பு ஒரு பெண் வெளிச்சவீட்டின் மேல்தளத்தில் நிற்பாள். கடத்தல்காரன் அவளை நெருங்கி வருவான். அவள் பின்னால் சாய்வாள். கைபிடிக் கம்பி விலகும். ஒரு கணம் அவளுடைய முகம் திரை முழுக்கத் தெரியும், அடுத்த கணம் அவள் அங்கே இருக்கமாட்டாள். படத்தைப் பார்த்தவர்கள் அந்த முகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். மலிவாக எடுத்த படம், கதையில் ஆயிரம் ஓட்டை, ஆனால் அந்தப் பெண் என்னமாய் நடித்திருக்கிறாள் என்பார்கள்.

அவள் அங்கே நடிக்கவில்லை. உண்மையாகவே விழுந்தாள். நான் பத்தடி தள்ளி மடியில் குறிப்புக் கொப்பியோடு உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் லண்டன் வெம்பிளியிலிருந்து ஒரு தமிழ்ச் சங்க மலரின் ஆசிரியர் போன் எடுத்தார். "அக்கா, நீங்கள் இங்கிலிஷ் படங்களில இவ்வளவு காலம் வேலை செய்தனீங்கள். எங்கட பொம்பிளைப் பிள்ளையளுக்கு ஒரு உற்சாகம் வாற மாதிரி நாலு பக்கம் எழுதித் தாங்கோ," என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன். உற்சாகம் வருகிற மாதிரி எழுத மூன்று முறை உட்கார்ந்து பார்த்தேன். என்னால் எழுத முடிந்தது இதுதான். அவர் போடாமல் விட்டாலும் எனக்குக் கோபமில்லை.

யாழ்ப்பாணத்தில் சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் படித்திருந்தேன். லண்டனுக்கு வந்து செவன் கிங்ஸில் வாடகை அறையில் இருந்தபோது ஒரு படக் கம்பனி அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை கிடைத்தது. படப்பிடிப்பில் கன்டினியூட்டி பார்க்கும் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் குறிப்புகளைத் தட்டித் தட்டியே அந்த வேலை எனக்குப் பிடிபட்டது. பிறகு அவருக்கு உதவியாளராக ஆறு வருடம். என் பயிற்சி அவ்வளவுதான்.

கன்டினியூட்டி என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் எளிதாகச் சொல்வது இது: படப்பிடிப்பில் எல்லோரும் எதையாவது உண்டாக்குவார்கள், ஒருத்தி மட்டும் நடந்ததை எழுதுவாள். எத்தனையாவது முறை எடுத்தது, எத்தனை விநாடி ஓடியது, நடிகன் எந்தச் சொல்லில் கோப்பையை எடுத்தான், எந்தக் கையால் எடுத்தான், சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது. இன்றைக்கு எடுத்ததோடு நாளைக்கு எடுப்பது ஒட்ட வேண்டும் அல்லவா? ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையில் ஏன் தாமதம் என்பதையும் நேரத்தோடு எழுதுவேன். பிறரிடம் விசாரித்து எழுதக் கூடாது, தானே கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும் என்பது அந்த அம்மாவின் கட்டளை. இரவு வீட்டுக்குப் போய்க் கொப்பியில் இருப்பதைத் தாளில் தட்டுவேன். அந்தத் தாள் படத்தொகுப்பாளருக்கும் அலுவலகத்துக்கும் போகும். எங்காவது சண்டை வந்தால் எல்லோரும் அந்தத் தாளைத்தான் தேடுவார்கள்.

வெளிச்சவீட்டுப் படம் நான் தனியாகப் பொறுப்பெடுத்த முதல் படம். என் பெயர் திரையில் வரப்போகிற முதல் படம்.

அதை எடுத்தவர் ரிச்சர்ட். இயக்குநரும் அவர்தான், தயாரிப்பாளரும் அவர்தான். சின்னப் படம் என்பதால் உண்மையான வெளிச்சவீட்டில் நாலே நாள். வெளிப்புறம், அலை, படிக்கட்டு எல்லாம் அங்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். மிச்சத்தையெல்லாம் கிழக்கு லண்டனில் ஆற்றங்கரையோரம் ஒரு பழைய கிட்டங்கிக்குள் செட் போட்டு எடுத்தோம். விளக்கறையும் அதைச் சுற்றிய மேல்தளமும் இரும்புச் சாரத்தின் மேல், பதினோரு அடி உயரத்தில் நின்றன. கைபிடி மரம்தான். இரும்பு மாதிரிப் பூச்சு அடித்திருந்தது. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டால் உள்ளே எப்போதும் கடற்கரை இரவு. வெளியே போனால் மத்தியான வெயில் கண்ணைக் குத்தும்.

ரிச்சர்ட் கத்தமாட்டார். நான் வேலை செய்த மற்ற இயக்குநர்கள் கத்தினார்கள், கதிரையை உதைத்தார்கள். இவர் ஒருவரோடு பேச வேண்டுமென்றால் எழுந்து அவரிடம் போவார், பக்கத்தில் குந்திக்கொண்டு மெல்லிய குரலில் பேசுவார். விளக்குப் பிடிக்கிறவரின் மனைவிக்கு எப்போது ஒப்பரேஷன் என்பது அவருக்குத் தெரியும். என் மகளின் பெயரைச் சரியாக உச்சரித்த முதல் வெள்ளைக்காரர் அவர். காலையில் தானே தேநீர் கொண்டுவந்து என் கதிரைப் பக்கத்தில் வைப்பார். "உன்னால் முடிந்தால் மட்டும் போதும், கௌரி," என்று தொடங்குவார். அப்படித் தொடங்கிய எதையும் யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

செட்டில் தச்சு வேலைக்கு அவசரமாக ஓர் ஆள் தேவைப்பட்டபோது நான்தான் தர்மண்ணையைச் சொன்னேன். தர்மலிங்கம் என்பது முழுப்பெயர். ஜெர்மனியில் பதினொரு வருடம் தச்சராக இருந்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு குட்மேய்ஸுக்கு வந்தவர். என் கணவருக்குத் தெரிந்த மனிதர். ஜெர்மன் நன்றாகப் பேசுவார். இங்கிலிஷ் அரைகுறை. அவர் கைவேலையைப் பார்த்துவிட்டு ரிச்சர்ட் என்னிடம் வந்து நன்றி சொன்னார்.

அன்றைக்குக் காலையில் கமரா உள்ளே போவதற்காக மேல்தளத்தின் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு, பிறகு திரும்ப வைத்திருந்தார்கள். அந்த மூலையில் கைபிடி ஆணி அடித்துப் பூட்டப்படவில்லை. தற்காலிகமாக இரண்டு இரும்புக் கிளாம்ப்தான் பிடித்துக்கொண்டு நின்றது. எடுக்க வேண்டிய காட்சியில் கதாநாயகியாக நடித்த ஹெலன் கைபிடியில் பின்பக்கமாகச் சாய வேண்டும், அவ்வளவுதான். விழுவதை இன்னொரு நாள், பழகிய ஆளை வைத்து, கீழே மெத்தை போட்டு எடுப்பதாக ஏற்பாடு. அதனால் அன்றைக்குக் கீழே வெறும் சீமெந்துத் தரை.

தர்மண்ணை ஏணியால் இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, அந்த மூலை இன்னும் பூட்டேல்ல. ஒருத்தரையும் சாய விடவேண்டாமெண்டு சொல்லும். நாப்பது நிமிசம் தந்தால் நான் வடிவாப் பூட்டித் தருவன்."

"நீங்களே சொல்லுங்கோவன் அண்ணை."

"என்ர இங்கிலிஷில சொன்னால் அவைக்கு விளங்காது. நீர் சொல்லும்."

நான் ரிச்சர்டிடம் போய்ச் சொன்னேன். தர்மண்ணை என் பின்னால் நின்று தலையாட்டினார். ரிச்சர்ட் பொறுமையாகக் கேட்டார். மேலே அண்ணாந்து பார்த்தார். தர்மண்ணையின் தோளில் கை வைத்தார். "நன்றி. இந்த ஒன்றை எடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு விடுவோம். அந்த நேரத்தில் பூட்டுங்கள். ஹெலனை மெதுவாகச் சாயச் சொல்கிறேன்," என்றார். தர்மண்ணை "ஓகே சேர்" என்றார். நான் என் கதிரைக்கு வந்து கொப்பியில் எழுதினேன்: "12.10. தச்சர்: கைபிடி பூட்டவில்லை, சாயக் கூடாது, 40 நிமிடம் வேண்டும். ரிச்சர்ட்: இதை எடுத்த பிறகு."

முதல் முறை ஹெலன் மெதுவாகத்தான் சாய்ந்தாள். இரண்டாம் முறையும் அப்படித்தான். ரிச்சர்ட் மேலே ஏறிப் போய் அவள் காதில் ஏதோ சொன்னார். ஹெலனுக்கு அப்போது இருபத்தாறு வயது, இது அவளுக்கு முதல் பெரிய வேடம். மூன்றாம் முறை அவள் முழு உடம்பையும் கொடுத்துச் சாய்ந்தாள்.

மரம் முறிகிற சத்தம் கேட்கவில்லை. கிளாம்ப் கழன்று தரையில் விழுந்த சின்னச் சத்தம், அதற்குப் பிறகு அவள் விழுந்த சத்தம். எல்லோரும் உறைந்து நின்றபோது தர்மண்ணைதான் முதலில் ஓடினார். முழங்காலிட்டு இரண்டு கையாலும் அவள் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டார். பதற்றத்தில் அவருக்குத் தமிழும் வரவில்லை, இங்கிலிஷும் வரவில்லை. அம்புலன்ஸ் வரும் வரைக்கும் ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்லி அவளைத் தேற்றிக்கொண்டிருந்தார். நான் மணியைப் பார்த்தேன். 12.38. அதையும் எழுதினேன்.

அன்று மாலை கிட்டங்கியில் நாங்கள் சிலர்தான் மிஞ்சியிருந்தோம். ரிச்சர்ட் தேநீரோடு வந்து என் பக்கத்தில் குந்தினார். கண்கள் சிவந்திருந்தன, அழுதிருந்தார். அது நடிப்பல்ல என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"உன்னால் முடிந்தால் மட்டும் போதும், கௌரி," என்றார். "ஹெலனின் முதுகெலும்பு போய்விட்டது. பல வருடம் வைத்தியம் வேண்டும். எச்சரித்த பிறகும் எடுத்தோம் என்று தெரிந்தால் காப்புறுதிக்காரர்கள் பணம் தராமல் கையைக் கழுவிவிடுவார்கள். பாதிக்கப்படப் போவது நான் இல்லை, ஹெலன். உன்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. சுருக்கி எழுது. அவ்வளவுதான்."

அந்த இரவு வீட்டில் தட்டெழுத்து யந்திரத்தின் முன்னால் இருந்து நான் எழுதியது இது: "12.10 முதல் தச்சு வேலை காரணமாகத் தாமதம்."

அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அந்த வரியை வாசிக்கிற எவரும் என்ன நினைப்பார்? தச்சருக்கு நேரம் கொடுத்தார்கள், அவர் வேலையை முடித்தார், பிறகுதான் படம் எடுத்தார்கள் என்று நினைப்பார். தர்மண்ணையின் எச்சரிக்கையை நான் அவருடைய வேலையாக மாற்றிவிட்டேன். கொப்பியின் அந்தப் பக்கத்தை மறுநாள் ரிச்சர்டிடம் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. நானாகத்தான் கிழித்துக் கொடுத்தேன்.

ஹெலனுக்காகச் செய்தேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அந்த இரவு என் மனதில் நின்றது ஹெலன் இல்லை. திரையில் வரப்போகிற என் பெயர். இந்தப் படத்தைக் குழப்பிய பெண் என்று ஒருமுறை பேர் எடுத்தால் என்னை யார் திரும்பக் கூப்பிடுவார்கள் என்ற பயம்.

இன்னும் முடியவில்லை. அடுத்த வாரம் காப்புறுதிக் கம்பனியிலிருந்து ஒருவர் வந்தார். தர்மண்ணையை விசாரிக்க வேண்டும். "கௌரி மொழிபெயர்ப்பாள்," என்று ரிச்சர்ட் சொன்னார். நாங்கள் நாலு பேரும் ஒரு சின்ன அறையில் இருந்தோம். தர்மண்ணை வெள்ளைச் சேர்ட் போட்டு, தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு வந்திருந்தார்.

"நான் பன்னிரண்டு மணி போல சொன்னனான், கைபிடி பூட்டேல்ல, சாயக் கூடாதெண்டு," என்றார். "கௌரி தங்கச்சிதான் அதை இங்கிலிஷில அவருக்குச் சொன்னவ. அவ கொப்பியிலயும் எழுதினவ. அவவைக் கேளுங்கோ."

காப்புறுதிக்காரர் பேனாவோடு என் முகத்தைப் பார்த்தார். ரிச்சர்ட் என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இங்கிலிஷில் சொன்னேன்: "நண்பகல் அளவில் கைபிடியில் வேலை இருந்ததாகச் சொல்கிறார்."

அவர் எழுதிக்கொண்டார். தர்மண்ணை என்னைப் பார்த்து, "வடிவாச் சொல்லிப்போட்டீரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். தட்டெழுத்தில் வந்த வாக்குமூலத்தை அவர் முன்னால் வைத்தபோதும், "சரியா எழுதிக் கிடக்கோ தங்கச்சி?" என்று என்னிடம்தான் கேட்டார். ஓம் என்றேன். கையெழுத்து வைத்தார்.

பிறகு அரசாங்கத்தின் பாதுகாப்பு விசாரணை நடந்தது. அங்கே வேறு மொழிபெயர்ப்பாளர். தர்மண்ணை உண்மையைச் சொன்னார். ஆனால் அவர் கையெழுத்திட்ட வாக்குமூலம் வேறு சொன்னது, என் தாளும் வேறு சொன்னது. என்னைக் கேட்டார்கள். தாளில் உள்ளதுதான் என்றேன். தப்புவதற்காகப் பிறகு சோடித்த கதை என்று அவருடைய பேச்சை ஒதுக்கிவிட்டார்கள். தச்சர் கைபிடியைச் சரியாகப் பூட்டவில்லை என்று முடிவு வந்தது.

விசாரணையில் பேசிய அன்று மாலையே தர்மண்ணை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"நான் சொல்லேக்க அதில உம்மட பேர் இருந்தது, தங்கச்சி. இண்டைக்கு அவை தமிழில வாசிச்சுக் காட்டேக்க அது இல்லை. எங்க போட்டுது?"

"அண்ணை, நான் என்ன செய்ய ஏலும்…"

அவர் கொஞ்ச நேரம் நின்றார். நான் வசனத்தை முடிப்பேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாரோ தெரியாது. பிறகு போய்விட்டார். அதன்பின் எந்தப் படத்திலும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. கடைகளுக்குத் தட்டுப் பூட்டும் வேலைக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

படம் வெளியாவதற்கு முன் தொகுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். அந்த இடத்தில் எந்த முறை எடுத்தது நன்றாக இருக்கிறது என்று கேட்டார். தாளைப் பார்த்து, மூன்றாவது, முகம் தெளிவு என்றேன். அப்படித்தான் அது படத்தில் சேர்ந்தது.

எனக்குப் பிறகு வேலைக்குக் குறைவே வரவில்லை. போகிற இடமெல்லாம் ரிச்சர்ட் என்னைப் பற்றி ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தார்: நம்பலாம். நம்பினார்கள். ஓய்வு பெறும் நாளில் கேக் வெட்டி, இவள் தாளில் ஒருநாளும் பிழை இருந்ததில்லை என்று பேசினார்கள்.

போன வருடம் ரிச்சர்ட் இறந்துபோனார். அவருடைய மகள் கேட்டதற்காக நினைவுக் கூட்டத்தில் பேசினேன். அவர் ஒருநாளும் குரல் உயர்த்தாததைப் பற்றியும், தானே தேநீர் கொண்டுவந்து தருவதைப் பற்றியும் சொன்னேன். முன்வரிசையில் சிலர் அழுதார்கள். இறங்கி வந்து என் இடத்தில் உட்கார்ந்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குட்மேய்ஸுக்குப் போனேன்.

தர்மண்ணையின் மனைவி கதவைத் திறந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். வாங்கோ என்று சொல்லவில்லை, வழி மட்டும் விட்டார். பிறகு குசினிக்குள் போய் ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து தர்மண்ணையின் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். எனக்கு வைக்கவில்லை. யாழ்ப்பாணத்தார் வீடு ஒன்றில் தேத்தண்ணி தராமல் என்னை இருத்தியது அதுதான் முதல் தடவை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பி, கிழித்த பக்கம், சுருக்கிய வரி, அந்த அறையில் நான் விட்டுவிட்ட சொற்கள். எழுபது தாண்டிய மனிதர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எனக்கு இதெல்லாம் அண்டைக்கே தெரியும்தானே," என்றார். "எனக்கு ஏன் வந்து சொல்லுறீர்?"

"மன்னிப்புக் கேக்க வந்தனான், அண்ணை."

"தெரிஞ்ச ஆளுக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? தெரியாத ஆள் ஒண்டு இருக்கு. அவவிட்டைப் போய்ச் சொல்லும்."

ஹெலனை அவர் வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு கேக் வாங்கிக்கொண்டு போவாராம். அவள் வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவாளாம்.

"ஒருக்கா நடந்ததைச் சொல்லிப் பாத்தனான். விசாரணைப் பேப்பரில வேற மாதிரிக் கிடக்கெண்டு சொன்னவ. அதுக்குப் பிறகு அந்தக் கதை எடுக்கிறேல்லை."

"பிறகு ஏன் போறனீங்கள்?"

"நான் மேல ஏறி நிண்டு மறிச்சிருக்கலாம். மறிக்கேல்லை. 'ஓகே சேர்' எண்டிட்டு நிண்டனான்." கோப்பையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "என்ர பங்கை நான் கொண்டு போறன். உம்மட பங்கை நீர் கொண்டு போம்." ஒரு கடித உறையின் பின்புறத்தில் விலாசத்தை எழுதித் தந்தார்.

ஹெலன் வடக்கு லண்டனில் நிலத்தளத்தில் ஒரு சிறிய வீட்டில் இருக்கிறாள். தலை பாதி நரைத்துவிட்டது. என் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வந்துவிட்டது. கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் போய்க் கதிரையில் அமர்வதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் இரண்டாவது முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை கொஞ்சம் சரளமாகவே வந்தது. அதற்காகவும் வெட்கப்பட்டேன்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. "அந்த மனிதர் எத்தனை மணிக்குச் சொன்னார்?" என்று கேட்டாள்.

"பன்னிரண்டு பத்துக்கு."

"நான் விழுந்தது?"

"பன்னிரண்டு முப்பத்தெட்டு."

"இருபத்தெட்டு நிமிடம்," என்றாள். "ஒவ்வொரு முறை எடுப்பதற்கு முன்பும் நீ மேலே ஏறி வந்தாய். என் கழுத்துத் துணியைச் சரிசெய்தாய். முந்தின முறை எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டுமென்று முடிச்சை இடப்பக்கம் இழுத்துவிட்டாய். மூன்று முறை. உன் கை என் தொண்டையில் பட்டது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது உனக்குத் தெரியும்."

தெரியும்.

"எனக்கு ஏன் சொல்லவில்லை?"

இவ்வளவு வருடத்தில் நான் என்னையே கேட்காத கேள்வி அது. தாளைப் பற்றியும் மொழிபெயர்ப்பைப் பற்றியும் எத்தனையோ தடவை என்னை நானே குற்றம் சாட்டியிருக்கிறேன். ஆனால் நான் மேலே ஏறிப்போனதை ஒருநாளும் நினைத்ததில்லை. இந்தக் கட்டுரையில் அந்த நாளைப் பற்றி எழுதியபோதும், திரும்ப வாசித்துப் பாருங்கள், அதை விட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். அவளிடம் சொல்வது என் வேலை இல்லை என்று அன்றைக்கு நினைத்திருப்பேன். அல்லது எதையுமே நினைக்காமல் முடிச்சை மட்டும் பார்த்திருப்பேன். எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை என்று அவளிடம் சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். தர்மண்ணையின் போன் இலக்கம் இருக்கிறதா என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். "இனி நீ போகலாம்," என்றாள்.

நான் எழுந்தேன். கதவில் இரண்டு பூட்டு இருந்தது, எனக்குத் திறக்கத் தெரியவில்லை. அவள் கதிரையின் கையைப் பிடித்து எழும்பினாள். உதவப் போனேன். வேண்டாம் என்று உள்ளங்கையைக் காட்டினாள். பிறகு ஊன்றுகோலை எடுத்து, ஒரு காலை வைத்து, மற்றக் காலை இழுத்து, அந்த அறையின் முழு நீளத்தையும் நடந்து வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டாள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.